மண் நிறம் பூசிய வீடு

1

என்னோடு கடைக்கு வர என் மனைவி ஜெயாவுக்குப் பிடிக்காது. சார்ஜாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமான் வாங்கப் போனால், அவள் அரிசி, பருப்பு, மீன் எல்லாம் எடுத்து வண்டியை நிறைத்துக்கொண்டு வரும்போதும் நான் பால்பொடி டின்கள் அடுக்கியிருக்கும் இடத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். ஒரு டின்னை எடுப்பேன், திருப்புவேன், கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. ஒன்று இடமிருந்து வலம், இன்னொன்று வலமிருந்து இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பசுமாடு, யார் பக்கமும் சாயாமல் நிற்கும். அந்த மாட்டை அப்படி நிறுத்தியவன் லேசுப்பட்டவன் இல்லை.

நான் இங்கே ஓர் அச்சகத்தில் டிசைனர். டின், பெட்டி, பை, கடைப் பலகை, எதுவானாலும் அதற்கு எழுத்தும் நிறமும் தீர்மானிப்பது என் வேலை. ஊரில் கேட்டால் “ஞானசிகாமணி கல்ஃபிலெ பெயின்டராக்கும்” என்பார்கள். மறுத்து மறுத்து எனக்கு அலுத்துவிட்டது. பெயின்டர் என்றே இருக்கட்டும்.

வேலை முடிந்தாலும் கண் சும்மா இருக்காது. நல்ல எழுத்தில் ஒரு ஓட்டல் பலகை தொங்கினால் சாப்பாடு எப்படி இருந்தாலும் உள்ளே போய்விடுவேன். ஒரு குப்பியின் மூடி கையை நோகடிக்காமல் திறந்தால், அதைச் செய்தவனைக் கண்டுபிடித்துக் கைகொடுக்க வேண்டும்போல இருக்கும். மோசமான எழுத்தைக் கண்டால் கோபம் வரும். சின்னக் கோபம் இல்லை, சாப்பிட முடியாத கோபம். மருந்துக்குப்பியில் வயசானவர்கள் படிக்க முடியாதபடி எறும்பு அளவுக்கு எழுத்துப் போட்டிருக்கிறானே, அவனுக்கு ஒரு தாய் இல்லையா என்று வாய்விட்டுத் திட்டுவேன். அப்போது என் மகள் பிரிஸ்கில்லா, நாங்கள் பிரிசி என்று கூப்பிடுகிறவள், நாலடி தள்ளிப் போய் யாரோ மாதிரி நிற்பாள். “அப்பா மறுபடியும் டின்னோடு பேசுகிறார்” என்று ஆங்கிலத்தில் அம்மாவிடம் முறையிடுவாள். அவளுக்கு ஆங்கிலம் மூச்சு மாதிரி வரும். மலையாளம் பள்ளிக்கூடத் தோழிகளோடு. தமிழ், எங்களிடம் எதையாவது வாங்க வேண்டுமென்றால் மட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமான் பைகளை இறக்கி வைத்துவிட்டு வழக்கம்போல ஊருக்கு போன் செய்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு கடை, அங்கே எமிலி அக்கா வந்து காத்திருப்பாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பாறசாலைப் பக்கம் நாங்கள் கட்டிய புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் நடந்திருந்தது. எத்தனை பேர் வந்தார்கள், வாசல் எழுத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள், நிறத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று கேட்க நான் துடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதையெல்லாம் விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“மக்கா, அம்மெ புது வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லுது.”

2

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு விசாரித்தால் விஷயம் சிரிப்பாக இல்லை. ஜெபத்தன்று போதகர் உள்ளே பாட்டு எடுத்தபோதும் அம்மா முற்றத்திலேயே நின்றிருக்கிறாள். வந்தவர்களுக்குச் சாப்பாடு விளம்பினாள், பாத்திரம் கழுவினாள், எல்லாம் வெளியே. அக்கா கையைப் பிடித்து இழுத்தும் படி ஏறவில்லை. சாயங்காலம், பழைய வீட்டை இடித்தபோது தங்குவதற்காகப் பின்னால் போட்ட ஓலைக் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மழை தொடங்கினால் அந்தக் கூரை ஒழுகும். அம்மாவுக்குக் கைமூட்டெல்லாம் வீங்கி, கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியாமல் ஆகி வருஷங்கள் ஆகின்றன. அவளுக்காகத்தானே அந்த வீடு.

அந்த வீட்டுக்கு நான் என்னவெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன் தெரியுமா? எழுத்திலிருந்து தொடங்குகிறேன். சின்ன வயதில் உதியன்குளங்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் பஸ் வருகிறதா என்பது கவலை இல்லை. வடக்கே போகிற பஸ்ஸின் நெற்றியில் மலையாளம், தெற்கே நாகர்கோவில் போகிற பஸ்ஸின் நெற்றியில் தமிழ். மலையாள எழுத்து உருண்டு திரண்டு இருக்கும், தமிழ் எழுத்துக்கு மூலையும் காலும் உண்டு. இரண்டையும் சிலேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். அதைச் சரிக்கட்ட அப்போதே முயன்றிருக்கிறேன். எல்லையோரத்தில் பிறந்தவனுக்கு இந்தக் கிறுக்கு வராமல் யாருக்கு வரும்?

அதனால் புது வீட்டு வாசல்தூணில் ‘எபனேசர்’ என்று வீட்டுப் பெயரை இரண்டு எழுத்திலும் நானே வரைந்து அனுப்பினேன். கனம் ஒன்றுபோல இருக்கும்படி மலையாளத்தைக் கொஞ்சம் மெலியவைத்தும் தமிழுக்குக் கொஞ்சம் ஊட்டம் கொடுத்தும் வரைந்தேன். குளியலறைக்கும் அடுக்களைக்கும் இங்கிருந்து குழாய்கள் வாங்கி அனுப்பினேன். ஊர்க் குழாய் மாதிரி இறுக்கித் திருகுகிற குழாய் இல்லை, நீளமான பிடி வைத்தது. புறங்கையால் தட்டினாலே திறக்கும், முழங்கையால் தள்ளினால் மூடும். அம்மாவின் விரல்களை நினைத்துக்கொண்டே கடை கடையாக ஏறி இறங்கிக் கண்டுபிடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலே நிறம். கல்ஃப் பணத்தில் கட்டின வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரோஸ், பச்சை, ஊதா, எல்லாம் ஒரே சுவரில். அதை நான் குறை சொல்லவில்லை, வருஷக்கணக்காக மணலையே பார்த்தவன் கண்ணுக்கு நிறம் கேட்கும்தான். ஆனால் என் வீடு அப்படி வேண்டாம் என்று நினைத்தேன். செம்மண்ணில் சாணி குழைத்தால் வருமே ஒரு நிறம், காயும்போது கொஞ்சம் வெளுத்து, மழை பட்டால் கறுத்து, அந்த நிறம் வேண்டும். அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் மையைக் கலந்து கலந்து பார்த்தேன். எங்கள் டிசைன் பிரிவின் தலைவர், இங்கிலாந்துக்காரர், அந்த அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த நிறம் உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார். என் அம்மாவிடமிருந்து என்றேன்.

அந்த அட்டையை லீவில் ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, இதற்கு ஒரு நூல்கூட மாறக் கூடாது என்று பெயின்டருக்குச் சொல்லச் சொன்னேன்.

3

அம்மாவிடமிருந்து என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. அந்த நிறம் எனக்குக் கிடைத்தது ஒரு காலைநேரத்தில்.

நாங்கள் குடிகிடப்புக்காரர்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நிலம் பெரிய வீட்டுக்காரருடையது, அதன் ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம், கூப்பிட்ட நேரத்தில் வேலைக்குப் போக வேண்டும், போ என்றால் போக வேண்டும். பெரிய வீடு வெள்ளை வெளேரென்று மேட்டில் நிற்கும். எங்கள் சபைக்காரர்களில் சொந்த நிலம் உள்ளவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள். எங்களுக்கு அது கிடையாது. பெரிய வீட்டு நிலத்தில் இருக்கிற குடிசைக்குச் சுண்ணாம்பு எதற்கு என்று காரியஸ்தன் கேட்பான்.

பிறகு சட்டம் வந்தது. குடிசையும் அதைச் சுற்றிப் பத்து சென்ட்டும் குடியிருக்கிறவனுக்கே என்று ஆயிற்று. சர்க்கார் ஆட்கள் வந்து பார்த்து அளப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளை. எனக்கு அதொன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு நாள் விடிந்து எழுந்து வந்தால் முற்றத்தில் அம்மா செம்மண்ணும் சாணியும் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், வா மக்கா, நீயும் பூசு என்றாள்.

சேற்றில் கை வைத்தால் அடி விழும் காலம் அது. அன்று அம்மாவே கூப்பிடுகிறாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அப்பினேன். என் கை எட்டுகிற உயரம்வரை என் கை, அதற்கு மேலே அம்மாவின் கை. ஐந்து விரலையும் விரித்துப் பதித்தேன், பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. சுவர் முழுக்க என் கைகள். நான் சிரித்துக் குதித்தேன். இன்றைக்கு ஒரு டின்னுக்கு நிறம் போட்டு அது சரியாக அமைந்துவிட்டால் வருகிற சந்தோஷம் அன்றைக்கு வந்ததன் மிச்சம்தான். அன்றே சர்க்கார் ஆட்கள் வந்தார்கள், சங்கிலி பிடித்து அளந்தார்கள், பின்னால் அந்த இடம் எங்களுக்கு ஆயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பத்து சென்ட்டில் எங்களோடு ஒரு கிறிஸ்துமஸ்கூட அவர் இருக்கவில்லை.

அந்தக் காலையின் நிறத்தைத்தான் அந்தப் பத்து சென்ட்டில் கட்டிய வீட்டுக்குப் பூசச் சொன்னேன். அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள், கண் கலங்குவாள் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன்.

4

போனில் பேசித் தீராது என்று லீவு கேட்டேன். இங்கே பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருக்கும், அதை வெளியே எடுக்க ஒருவரிடமிருந்து ஒருவரிடமாக மூன்று மேஜைகள் தாண்ட வேண்டும். கடைசி மேஜையில் இருந்தவர் அரபி மட்டும் பேசுகிறவர். என்ன காரணம் என்றார். அம்மா புது வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறாள் என்பதை என் அரைகுறை அரபியில் நான் எப்படிச் சொல்வது? கை காட்டி, முகம் காட்டி, “உம்மா... மாஃபி பைத்” என்றேன். அம்மாவுக்கு வீடு இல்லை என்று ஆகிவிட்டது. அவர் முகம் மாறிப்போயிற்று. நெஞ்சில் கைவைத்து ஏதோ பிரார்த்தனை சொல்லி, மறுபேச்சில்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து சிரித்தேன். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்று தோன்றியது.

கிளம்பும்போது பிரிசி ஒரு படம் கொடுத்தாள். ‘என் ஊர் வீடு’ என்று பள்ளியில் வரையச் சொன்னார்களாம். வெள்ளைச் சுவர், சரிந்த கூரை, கூரைமேல் புகைபோக்கி. நம் வீட்டுச் சுவர் மண் நிறம் மகளே, நான்தானே கலந்தேன் என்றேன். வீடு என்றால் வெள்ளைதான் அப்பா, எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று கைவிரித்தாள். இவளுக்கு ஊரும் இல்லை, நிறமும் இல்லை என்று மனசுக்குள் நொந்துகொண்டு படத்தைப் பெட்டியில் வைத்தேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, நெய்யாற்றின்கரை தாண்டி, எங்கள் இடைவழியில் கார் திரும்பியபோது வீடு தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அட்டையில் இருந்த நிறம் அப்படியே சுவரில். தென்னைகளுக்கு நடுவில், முந்தின இரவு பெய்த தூறலில் லேசாகக் கறுத்து, மண்ணிலிருந்து முளைத்த மாதிரி நின்றது. அந்தப் பெயின்டரைக் கட்டிப்பிடிக்கலாம்.

அம்மா வாசல்தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். வீங்கின விரலால் தமிழ் ‘எபனேசரை’ எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள். வேதப்புத்தகம் வாசிக்கிற கண், எழுத்தைக் கண்டால் விடாது. நல்லா எழுதியிருக்கு மக்கா, கண்ணாடி போடாமலே தெரியுது என்றாள். எந்த முதலாளியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பிறகு என் கையைப் பிடித்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் அந்த ஓலைக் கொட்டகைக்கே கூட்டிப் போனாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அங்கேதான் வைத்திருந்தாள்.

அன்றும் மறுநாளும் நான் விடவில்லை. கடைக்காரன் மாதிரி வீட்டைக் காட்டினேன். ஜன்னல் வழியாகக் குழாயைக் காட்டி, பார் அம்மா, புறங்கையால் தட்டினால் போதும் என்று திறந்து திறந்து மூடினேன். அவள் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தண்ணீர் சுலபமாக விழுவதையும் நிற்பதையும் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. உள்ளே வந்து தொட்டுப் பார் என்றேன். பிறகு பார்க்கிறேன் என்று கிணற்றடிக்குப் போய்விட்டாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எவ்வளவு செய்தாலும் பெரியவர்களுக்குத் திருப்தி வராது என்று அக்காவிடம் கத்தினேன். அம்மா காதில் விழ வேண்டும் என்றுதான் கத்தினேன்.

5

மறுநாள் காலை அவளே என்னைக் கூப்பிட்டாள். முற்றத்தில் பாய் விரித்து அவித்த மரச்சீனித் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததிலிருந்து அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

“நீ கோவப்படாதே மக்கா. வீடு கொள்ளாம், நல்லா இருக்கு. நெறந்தான் எனக்கு பாக்க முடியல்ல.”

அது நம்ம பழைய சுவரின் நிறம் அல்லவா, நீ பூசினது அல்லவா என்று நான் கேட்டேன். அதுதான் என்றாள். பிறகு துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனாள்.

சர்க்கார் ஆட்கள் வருவது நிச்சயமானதும் அப்பா பூவார்ப் பக்கம் போய்ச் சிப்பிச் சுண்ணாம்பு வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்திருக்கிறார். சர்க்காரே வீட்டுக்கு வருகிறது, வீடு வெளுத்து இருக்க வேண்டாமா என்று அவருக்கு எண்ணம். காரியஸ்தனுக்கும் பயப்படவில்லை. முந்தின நாள் பகல் முழுக்க நின்று முன்சுவரை அடித்து முடித்தார். கிறிஸ்துமஸுக்குக்கூட வெளுக்காத சுவர் முதல்முறையாக வெளுத்தது. அம்மா அந்தியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், விளக்கு வைக்க மறந்து. எனக்கு அந்த வெள்ளை ஞாபகத்திலேயே இல்லை.

விடியும்போதே, நான் எழும்புவதற்கு முன்னால், விவசாயச் சங்கத்து ஆள் ஒருவர் அந்த வழியாக வந்திருக்கிறார். சுவரைப் பார்த்ததும் பதறிப்போனார். சட்டத்தில் இடம் குடிசைக்குத்தான், இன்ன மதிப்புக்கு மேலே போனால் அது குடிசை இல்லை, வீடு, பெரிய வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் தட்டிப் பறிக்கிறார்கள், நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்களே என்று கத்தினார். அப்பா சுவரையும் கையையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கை வராது, நீ செய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வயல் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

“சுண்ணாம்பு காஞ்சு நல்லா தெளிஞ்சு நிக்குது. அதுக்க மேலெயாக்கும் நான் சாணி அள்ளிப் பூசினது” என்றாள் அம்மா.

சர்க்கார் ஆட்களோடு காரியஸ்தனும் வந்தான். அவர்கள் முன்னால் சுவரைக் காலால் தட்டி, இது வீடா பன்றிக்கூடா என்று அம்மாவிடம் கேட்டான். அவமானப்படுத்தத்தான் கேட்டான். அதுவே தங்களுக்குச் சாதகம் என்று அம்மாவுக்குத் தெரிந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை.

“கூடுதான் ஏமானேன்னு சொன்னேன். தலெ குனிஞ்சிட்டுச் சொன்னேன். அவங்க குடிசென்னு எழுதிட்டு அளந்தாங்க. சொன்னதுனால எடம் கெடச்சுது. ஒனக்க அப்பா அதுக்குப் பொறவு சுண்ணாம்பைத் தொடவே இல்ல. இப்ப நான் இந்த வீட்டுக்குள்ளெ கேறினா, அந்தச் சுவருக்குள்ளெ கேறின மாதிரி இருக்கு மக்கா.”

என் வாழ்க்கையின் மிக நல்ல காலைநேரம் என்று நான் இத்தனை வருஷம் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருந்தது அது. அதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டேன். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது அம்மா, கையில் சேறு, நீ திட்டவில்லை, நான் சந்தோஷமாக இருந்தேன், அதனால்தான் இந்த நிறம் என்றேன். இதைச் சொன்னால் அவளுக்கு இன்னும் வலிக்குமோ என்று பயமாக இருந்தது.

அம்மா முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ சிரிச்சது எனக்கு தெரியாதா? நீ சிரிச்சதுனாலயாக்கும் எனக்கு கை ஓடிச்சு.”

6

பெயின்டர் முகத்தைச் சுளித்தார். இவ்வளவு நல்ல நிறத்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பா? கல்ஃபுக்காரன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன் என்று தெரிந்தால் என்னை யார் கூப்பிடுவார்கள் என்றார். ஊரும் அதைத்தான் சொன்னது. காசு முடிந்துபோயிற்று போல என்று ஜங்ஷனில் பேச்சு வந்ததாக அக்கா வந்து சொன்னாள். பேசட்டும். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. கம்பித் தூரிகையால் சுவரைத் தேய்க்கத் தேய்க்க என் நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்து செடிகள்மேல் விழுந்தது. அதைப் போல இன்னொன்றை என்னால் கலக்க முடியாது.

சிப்பிச் சுண்ணாம்பு பூவாரிலிருந்துதான் வந்தது. தொட்டியில் நீற்றி, துணியில் வடிகட்டி, ஒரு துளி நீலம் விட்டேன். வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் அதில் கொஞ்சம் நீலம் வேண்டும், அளவு தவறினால் சட்டைக்குப் போட்ட நீலம் மாதிரி ஆகிவிடும். கலக்கிப் பார்ப்பதும் விரல் நகத்தில் தொட்டுப் பார்ப்பதுமாக நான் பாடுபடுவதைப் பார்த்து அம்மா சிரித்தாள். ஒனக்க அப்பாவும் இப்படித்தான் கிறுக்குப் பிடிச்சு நின்னாரு என்றாள். அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. இந்தக் கிறுக்கு அவருடையது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜங்ஷன் கடைக்குப் போய்ச் சார்ஜாவுக்கு நானே போன் செய்தேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் என்றதும், நான் அப்போதே சொன்னேனே என்றாள் பிரிசி. தமிழில்தான் சொன்னாள். புகைபோக்கி உண்டா என்றும் கேட்டாள். அது மட்டும் கிடையாது என்றேன்.

முன்சுவரில் முதல் கோடு அம்மா அடித்தாள். விரல்கள் மடங்காததால் தூரிகையின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். அவள் கை எட்டுகிற உயரம்வரை அவள் அடித்தாள், அதற்கு மேலே நான். பக்கச்சுவர்களைப் பெயின்டர் பார்த்துக்கொண்டார். பின்னால் மிச்சமிருந்த அடுக்களைச் சுவரைத் தேய்க்க அவர் போனபோது அம்மா தடுத்தாள்.

“அது கெடக்கட்டு. அது எனக்க பிள்ளெக்க நெறம்.”

ஈரச் சுண்ணாம்பு பார்வைக்கு ஒன்றும் இருக்காது. சுவரில் தண்ணீர் தெளித்த மாதிரிதான் இருக்கும், அடியில் இருப்பதெல்லாம் தெரியும். தெரியாதவர்கள் சுண்ணாம்பு போதவில்லை என்று நினைப்பார்கள். பொறுத்திருக்க வேண்டும், காயக் காயத்தான் வெளுக்கும். அம்மா முற்றத்தில் ஒரு பலகையைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், அவள் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. முதலில் மேல் ஓரம், பிறகு ஜன்னலைச் சுற்றி, பிறகு மொத்தமாக, சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது. இவ்வளவு காலம் நிறத்தோடு பிழைப்பு நடத்துகிறேன், ஒரு நிறம் வருவதை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கண் கூசுகிற அளவுக்கு வெளுத்ததும் அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

“இனி ஆரு வேணும்னாலும் வந்து அளந்து பாக்கட்டு” என்றாள்.

கையில் ஒட்டிய சுண்ணாம்போடு படி ஏறி, முன்வாசல் வழியாக உள்ளே போனாள். நான் பின்னால் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.